வசனத்தில் விரலை வைத்துக்கொண்டு தத்துவம் படிப்பது எப்படி?

கிறிஸ்தவத் தத்துவ நூல் ஒன்றை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு தடங்கல் வரும். வாதம் சீராகப் போய்க்கொண்டிருக்கும். நடுவில் திடீரென்று ஒரு சங்கீத வரி வந்து நிற்கும். தர்க்கம் படித்துப் பழகியவர்கள் அந்த வரியை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள். ஆலயத்தில் வளர்ந்தவர்கள் வசனத்தைக் கண்டதும் மனம் நிறைந்து, அதைச் சுற்றி நடக்கிற வாதத்தைத் தாண்டிவிடுவார்கள். இரண்டு பேரும் பாதி நூலைத்தான் படிக்கிறார்கள்.

நான் இரண்டாவது வகையில் இருந்து வந்தவன். வசனம் எனக்குப் பழக்கம், வாதம்தான் புதிது. பல வருடம் படித்தபிறகு எனக்குப் பிடிபட்டது இதுதான்: நல்ல நூலில் எந்த வசனமும் சும்மா வந்து உட்காராது. ஒன்று கேள்வியைக் கிளப்பும், இன்னொன்று வேலி போடும், வேறொன்று சாட்சி சொல்லும், சில ஜெபமாகவே வரும். அந்த வசனம் அங்கே என்ன வேலை செய்கிறது என்று கேட்கத் தெரிந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் பழக்கத்தில் வரும்.

இந்தக் கட்டுரையில் பொதுவாகப் பேசப் போவதில்லை. ஒரே ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் பின்னால் போகலாம். "தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்." சங்கீதம் 14:1. நான்கு அல்லது ஐந்து மாலை நேரம் ஒதுக்கினால் கூடவே செய்து பார்த்துவிடலாம்.

மேசையில் வைக்க வேண்டியவை

ஒரு வேதாகமம் போதாது, இரண்டு வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தது பழைய மொழிபெயர்ப்பு. சீர்திருத்த சபைகளில் பெரும்பாலும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. அதோடு கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தையும் வாங்கி வையுங்கள். இதற்கு உறுதியான காரணம் உண்டு. இந்த நூல்களை எழுதியவர்கள் மேற்கோள் காட்டுகிற சில புத்தகங்கள் பழைய மொழிபெயர்ப்பில் கிடையவே கிடையாது. கடவுள் எல்லாவற்றையும் அளவாலும் எண்ணாலும் எடையாலும் ஒழுங்குபடுத்தினார் என்று பழங்காலத் திருச்சபை ஆசிரியர் அகுஸ்தீன் திரும்பத் திரும்பச் சொல்வார். அது சாலமோனின் ஞானம் 11:20. ஒன்றும் இல்லாமையிலிருந்து கடவுள் உலகைப் படைத்தார் என்பதற்குப் பழைய ஆசிரியர்கள் காட்டுகிற இடங்களில் ஒன்று மக்கபேயர் இரண்டாம் நூல் 7:28. இரண்டும் திருவிவிலியத்தில்தான் இருக்கின்றன.

அப்புறம் ஒரு பென்சில், ஒரு நோட்டு. மூல நூல்களுக்கு நல்ல ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. லத்தீன் தெரியாவிட்டால் பரவாயில்லை; லத்தீன் மூலம் பக்கத்தில் இருந்தால் மட்டும் நல்லது, ஒரு சொல்லைத் தேடிப் பார்க்க உதவும்.

எந்த நூலில் தொடங்குவது

அன்செல்ம் எழுதிய புரோஸ்லோகியோன். மொத்தம் 26 சிறு அதிகாரங்கள். நமக்கு முதல் நான்கு போதும். பிரான்சின் வடக்கே நார்மண்டியில் பெக் என்ற மடத்தில் துறவியாக இருந்தபோது, 1077, 1078 வாக்கில் இதை எழுதினார். பின்னால் 1093இல் கேன்டர்பரியின் பேராயர் ஆனார். இந்த நூலுக்கு அவர் முதலில் வைத்த பெயர் "புரிதலைத் தேடும் விசுவாசம்".

கடவுள் இருக்கிறார் என்பதற்கு அவர் கொடுத்த வாதம் தத்துவ வகுப்புகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் வகுப்பில் இரண்டாம் அதிகாரத்தை மட்டும் பிய்த்து எடுத்துக் கொடுப்பார்கள். தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். முதல் அதிகாரம் நீளமான ஒரு ஜெபம். அதை விட்டுவிட்டால் இரண்டாம் அதிகாரத்தில் மதிகேடன் எங்கிருந்து வந்தான் என்றே தெரியாது.

வசனங்களைக் கண்டுபிடியுங்கள்

முதல் வாசிப்பில் வாதத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். பென்சிலை எடுத்து வேதாகமத்தின் வாசனை அடிக்கிற இடங்களில் எல்லாம் கோடு போடுங்கள். மேற்கோள் குறி இருக்கிற இடங்கள் எளிது. குறி இல்லாமல் ஒளிந்திருப்பவைதான் முக்கியம்.

தொடக்கத்திலேயே ஒன்று வரும். வேலைகளை விட்டுக் கொஞ்ச நேரம் விலகி, உன் மனதின் உள்ளறைக்குள் போ, கடவுளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெளியே விட்டுக் கதவை அடை என்கிறார். மத்தேயு 6:6 இது: "நீயோ ஜெபம்பண்ணும்போது, உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி". இயேசு சொன்னது வீட்டில் இருக்கிற அறை. அன்செல்ம் அதை மனதுக்குள் இருக்கிற அறை ஆக்குகிறார். ஒரு சொல்தான் கூடியிருக்கிறது, ஆனால் ஜெபம் பண்ணுகிற இடமும் யோசிக்கிற இடமும் ஒன்றாகிவிட்டன. அதற்குச் சில வரிகள் தள்ளி, உம்முடைய முகத்தையே தேடுவேன் கர்த்தாவே என்று சங்கீதம் 27 வருகிறது.

பெனடிக்ட் துறவிகளின் ஒழுங்குப்படி 150 சங்கீதங்களையும் ஒவ்வொரு வாரமும் பாடி முடிக்க வேண்டும். அன்செல்ம் பல வருடம் அப்படிப் பாடியவர். மதிகேடன் சங்கீதம் 14இலும் வருவான், ஏறக்குறைய அதே சொற்களோடு சங்கீதம் 53இலும் வருவான். அதாவது வாரத்துக்கு இரண்டு முறை, வருடக்கணக்காக, அந்த வரி அவர் வாயில் வந்துபோயிருக்கிறது. உதாரணம் தேடி வேதாகமத்தைப் புரட்டி எடுத்தவர் அல்ல அவர். வாயில் ஊறிப்போன ஒரு வரி ஒருநாள் கேள்வியாக நிமிர்ந்து நின்றிருக்கிறது. இல்லாத கடவுளை இல்லை என்று சொல்ல, அந்த மனிதன் முதலில் எதை நினைத்துக்கொண்டு சொன்னான்?

சங்கீத எண் ஒத்துப்போகாவிட்டால்

இது சின்ன விஷயம், ஆனால் புதியவர்களை நிறைய அலைக்கழிக்கும். கிரேக்க, லத்தீன் வேதாகமங்களில் சங்கீதம் 9ம் 10ம் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அதனால் அங்கிருந்து 147 வரை பெரும்பாலும் எண் ஒன்று குறைந்தே இருக்கும். பழைய நூலில் சங்கீதம் 13 என்று கண்டால் நம் வேதாகமத்தில் 14ஐ எடுங்கள். 52 என்றால் 53. சந்தேகம் வந்தால் முன்பின் ஒரு சங்கீதம் பார்த்துவிடுங்கள்.

முழுச் சங்கீதத்தையும் படியுங்கள்

இங்கே அவசரப்படக் கூடாது. ஒரு வரியை மட்டும் பார்த்தால், மதிகேடன் என்பவன் தத்துவ விவாதத்தில் எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருக்கிற நாத்திகன் மாதிரித் தெரிவான். சங்கீதம் 14ஐ முழுக்கப் படித்தால் அவன் வேறு ஆள். அடுத்த வரியே அருவருப்பான கிரியைகளைப் பற்றிப் பேசுகிறது. நாலாம் வசனத்தில் அக்கிரமக்காரர் தேவனுடைய ஜனத்தை அப்பத்தைத் தின்பதுபோல் தின்கிறார்கள். ஆறாம் வசனத்தில் ஏழையின் ஆலோசனையை அலட்சியம் பண்ணுகிறார்கள். இவன் கடவுள் இருக்கிறாரா என்று யோசித்துக் குழம்பியவன் அல்ல. கேட்பார் யாரும் இல்லை என்ற தைரியத்தில் ஏழையை மிதிப்பவன்.

எபிரேயத்தில் அவனுக்குச் சொல் நாபால். 1 சாமுவேல் 25இல் அதே பெயரில் ஒரு பணக்காரன் வருவான். பசியோடு வந்த தாவீதின் ஆட்களுக்கு அப்பம் கொடுக்க மறுப்பவன். பெயர் எப்படியோ ஆளும் அப்படியே என்று அவன் மனைவி அபிகாயில் சொல்வாள். லத்தீனில் இந்தச் சொல் 'இன்சிப்பியென்ஸ்' ஆனது, ஞானம் இல்லாதவன் என்று பொருள். பழைய மொழிபெயர்ப்பு மதிகேடன் என்கிறது, திருவிவிலியம் அறிவிலி என்ற சொல்லை எடுக்கிறது. எபிரேயத்தில் இருந்த கொடுமையின் கனம் லத்தீனுக்குப் போகும்போது குறைந்து, அறிவுக் குறைவு முன்னால் வந்துவிட்டது. அன்செல்மின் வாதத்துக்குத் தேவைப்பட்டது இந்த லத்தீன் மனிதன்தான்.

அன்செல்ம் வசனத்தைத் திரித்துவிட்டார் என்று இதற்காக நான் சொல்ல மாட்டேன். ஆனால் சங்கீதத்தின் மனிதனும் வாதத்தின் மனிதனும் ஒரே ஆள் இல்லை என்பதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நோட்டை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள்: வசனம் அதன் சொந்த வீட்டில் என்ன சொல்கிறது என்று இடப்பக்கம், இந்த நூலில் எதற்கு வந்திருக்கிறது என்று வலப்பக்கம். நான் இன்றும் இப்படித்தான் படிக்கிறேன்.

ஆசிரியரின் வேதாகமம் உங்களுடையது அல்ல

முதல் அதிகாரத்தின் கடைசி வரிக்கு வாருங்கள். விசுவாசிக்கும்படி நான் புரிந்துகொள்ளப் பார்க்கவில்லை, புரிந்துகொள்ளும்படி விசுவாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அன்செல்ம் ஒன்றைச் சேர்க்கிறார்: விசுவாசியாவிட்டால் புரிந்துகொள்ள மாட்டேன் என்பதையும் நான் விசுவாசிக்கிறேன். பின்குறிப்பில் ஏசாயா 7:9 என்று போட்டிருக்கும்.

முதன்முறை படித்தபோது நான் உடனே வேதாகமத்தைத் திறந்து பார்த்தேன். அங்கே இருந்தது: "நீங்கள் விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள்." புரிதல் என்ற பேச்சே இல்லை. அச்சுப்பிழை என்று நினைத்து அதிகாரம் முழுக்கத் தேடினேன். பிழை எதுவும் இல்லை. எபிரேய மூலத்தில் இருப்பது நிலைபெறுதல்தான். தமிழ் அதைப் பின்பற்றுகிறது. கிறிஸ்துவுக்கு முன்பே செய்யப்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பு, எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்பார்கள், அந்த இடத்தில் "புரிந்துகொள்ளமாட்டீர்கள்" என்று போட்டது. அதிலிருந்து பழைய லத்தீனுக்கு வந்தது, அங்கிருந்து அகுஸ்தீனுக்கு, அகுஸ்தீனிடமிருந்து அன்செல்முக்கு. கிறிஸ்தவத் தத்துவத்தின் முகப்பு வாக்கியம் என்று சொல்லக்கூடிய ஒன்று, ஒரு மொழிபெயர்ப்பில் மட்டும் இருக்கிற சொல்லின் மேல் நிற்கிறது.

மூலத்தின் சூழலையும் பாருங்கள். ஆகாஸ் என்ற யூதா ராஜா, சீரியாவும் இஸ்ரவேலும் சேர்ந்து படையெடுத்து வருவதைக் கேட்டு நடுங்கிக்கொண்டிருக்கிறான். ஏசாயா அவனிடம் சொல்வது அரசியல் புத்தி: நம்பினால் நிற்பாய், இல்லாவிட்டால் விழுவாய். எபிரேயத்தில் இரண்டு வினைகளும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. நாம் ஜெபத்தின் முடிவில் சொல்கிற ஆமென் என்ற சொல்லின் வேர் அது. உறுதியாய்ப் பற்று, உறுதியாய் நிற்பாய் என்ற ஓசை அதில் இருக்கிறது.

இதை முதலில் கண்டபோது எனக்குக் கால்கீழ் மண் நகர்ந்த மாதிரி இருந்தது. அப்புறம் அகுஸ்தீன் எழுதிய கிறிஸ்தவப் போதனை என்ற நூலின் இரண்டாம் புத்தகத்தில் இதே வசனத்தைப் பார்த்தேன். அவருக்கு இரண்டு வாசிப்பும் தெரிந்திருக்கிறது. ஒன்று புரியமாட்டீர்கள் என்கிறது, மற்றது நிலைபெறமாட்டீர்கள் என்கிறது. இரண்டும் கவனமாய்ப் படிப்பவருக்குப் பெரிய ஒன்றைச் சொல்கின்றன என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்குகிறார். பல மொழிபெயர்ப்புகள் இருப்பது வாசகனுக்குத் தடை என்று அவர் நினைக்கவில்லை, உதவி என்றே நினைத்தார். மேசையில் இரண்டு வேதாகமம் வையுங்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழில் படிக்கிற நமக்கு இன்னொரு இடத்திலும் இது உதவும். யோவான் 1:1 பழைய மொழிபெயர்ப்பில் "ஆதியிலே வார்த்தை இருந்தது", திருவிவிலியத்தில் வாக்கு. கிரேக்கத்தில் லோகோஸ். அதற்கு வார்த்தை என்றும் பொருள், பகுத்தறிவு, ஒழுங்கு என்றும் பொருள். இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தீன் போன்ற கிறிஸ்தவ ஆசிரியர்கள், லோகோஸின்படி வாழ்ந்த சாக்ரடீஸுக்கும் கிறிஸ்துவோடு சம்பந்தம் உண்டு என்று வாதிட்டது இந்த இரண்டாவது பொருளை வைத்து. தமிழில் வார்த்தை என்று மட்டும் படித்துக்கொண்டு போனால் அந்த வாதம் எங்கிருந்து முளைக்கிறது என்றே தெரியாது.

வசனத்தை எடுத்துப் பாருங்கள்

இப்போது வாதத்துக்கு வரலாம். இரண்டாம் அதிகாரத்தில் அன்செல்ம் கடவுளிடம் பேசுகிறார்: உம்மைவிடப் பெரியது எதையும் நினைக்க முடியாது, அப்படிப்பட்டவர் நீர் என்று விசுவாசிக்கிறோம். அப்படி ஒருவர் இல்லையா, மதிகேடன் இல்லை என்று தன் இருதயத்தில் சொன்னானே? ஆனால் இந்தச் சொற்களைக் கேட்கும்போது மதிகேடனுக்கும் அவை புரிகின்றன. புரிந்தது அவன் மனதில் இருக்கிறது. மனதில் மட்டும் இருப்பதைவிட உண்மையிலும் இருப்பது பெரியது. அது மனதில் மட்டும் இருந்தால் அதைவிடப் பெரியதை நினைக்க முடிந்துவிடும், அது முரண். எனவே அது உண்மையிலும் இருக்கிறது.

சரி, நோட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். சங்கீத வசனத்தை அடித்துவிட்டு வாதத்தைத் திரும்ப எழுதுங்கள். நிற்கிறதா? நிற்கிறது. எந்தப் படியும் "வேதத்தில் எழுதியிருக்கிறது, ஆகையால்" என்று போகவில்லை. அப்படியானால் வசனம் எதற்கு? எதிராளியைக் கொடுத்தது அதுதான். நாலாம் அதிகாரம் முழுவதும் அந்த வசனம் எழுப்பிய புதிருக்குப் பதில்: நினைக்கவே முடியாத ஒன்றை இவன் எப்படி இருதயத்தில் சொன்னான்? சொல்லை மட்டும் நினைப்பது வேறு, அந்தச் சொல் குறிக்கும் பொருளையே புரிந்து நினைப்பது வேறு என்று பிரித்துக் காட்டுகிறார். வேதம் இங்கே பதிலைத் தரவில்லை, கேள்வியைத் தந்திருக்கிறது.

இதற்கு முந்தைய நூலான மொனோலோகியோனில் அவர் இன்னும் கண்டிப்பாக இருந்தார். வேதத்தின் அதிகாரத்தைக் காட்டி எதையும் நிறுவாமல் நியாயத்தால் மட்டுமே எழுதித் தாருங்கள் என்று மடத்துச் சகோதரர்கள் கேட்டதாக முன்னுரையில் சொல்கிறார். தினமும் வேதத்தைப் பாடுகிறவர்களே அப்படிக் கேட்டார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். வேதத்தை ஒதுக்குகிறவர்கள் வைத்த கோரிக்கை இல்லை அது. விசுவாசித்ததைப் புத்தியாலும் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் கேட்டது.

இந்தச் சோதனையை எல்லா நூலிலும் செய்யுங்கள். வசனத்தை எடுத்ததும் வாதம் சரிந்தால் அங்கே வேதம் அஸ்திவாரம். நின்றால் அதற்கு வேறு வேலை இருக்கிறது, அதைத் தேடுங்கள்.

அதே வசனத்தோடு அடுத்த ஆளிடம் போங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். தூர் நகரத்துக்குப் பக்கத்தில் மார்மூத்தியே மடத்தில் கோனிலோ என்ற துறவி அன்செல்மின் நூலைப் படித்துவிட்டு மறுப்பு எழுதினார். அந்த மறுப்பு "மதிகேடனுக்காக" என்ற பெயரில் அறியப்படுகிறது. எல்லாத் தீவுகளையும்விடச் சிறந்த ஒரு தீவை நான் மனதில் நினைத்துவிட்டால் அது கடலில் இருந்துவிடுமா என்று கேட்டார். அவரும் அதே சங்கீதத்தைப் பாடுகிறவர்தான். அன்செல்ம் பதிலை எப்படித் தொடங்குகிறார் பாருங்கள்: என்னை மறுப்பவன் அந்த மதிகேடன் அல்ல, மதிகேடனுக்காகப் பேசுகிற ஒரு விசுவாசி, ஆகவே விசுவாசிக்குப் பதில் சொன்னால் எனக்குப் போதும். அதன்பின் மறுப்பையும் தன் பதிலையும் நூலோடு சேர்த்தே பிரதியெடுக்கச் சொன்னார். தன்னை மறுத்தவரின் எழுத்தைத் தன் நூலுக்குள்ளேயே குடிவைத்த அந்த மனசை நான் மிகவும் மதிக்கிறேன்.

இரண்டு நூற்றாண்டு கழித்து தாமஸ் அக்குவினாஸ் என்ற இறையியலாளர் வருகிறார். அவருடைய சுமா தியலாஜியே நூலின் முதல் பகுதி, இரண்டாம் கேள்வி, முதல் பிரிவைத் திறங்கள். கடவுள் இருக்கிறார் என்பது தானாகவே விளங்குமா என்பது கேள்வி. தானாக விளங்குவதற்கு எதிரானதை யாரும் மனதில் ஏற்க முடியாது. ஆனால் மதிகேடன் தன் இருதயத்தில் தேவன் இல்லை என்று சொல்லியிருக்கிறான். ஆகவே அது தானாக விளங்குவது அல்ல என்கிறார். அதே வரி, சங்கீதம் 53இலிருந்து. அன்செல்முக்கு எதிராளியாக வந்தவன் இங்கே அன்செல்மின் வழிக்கு எதிரான சாட்சியாக நிற்கிறான். இரண்டு பேரும் அந்த வசனத்தை விசுவாசித்தவர்கள். வசனம் ஒன்று என்பதால் முடிவும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள், இந்த இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்து ஒரு முறை படிக்க வேண்டும்.

அக்குவினாஸின் பக்கத்தை எப்படிப் படிப்பது

அவருடைய பக்க அமைப்பு புதியவர்களைப் பயமுறுத்தும். உண்மையில் எளிது. முதலில் எதிர்வாதங்கள் வரும், அவற்றை அவருடைய கருத்து என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்து "இதற்கு மாறாக" என்று ஒரு சின்னப் பத்தி. பெரும்பாலும் வசனமோ பழைய ஆசிரியர் ஒருவரின் வாக்கோ இருக்கும். அப்புறம் "நான் பதில் சொல்கிறேன்" என்று அவருடைய சொந்த வாதம். கடைசியில் எதிர்வாதம் ஒவ்வொன்றுக்கும் மறுமொழி.

இதே கேள்வியின் மூன்றாம் பிரிவுக்குப் போங்கள். புகழ்பெற்ற ஐந்து வழிகள் அங்கேதான் இருக்கின்றன. "இதற்கு மாறாக" என்ற இடத்தில் யாத்திராகமம் 3:14: "இருக்கிறவராக இருக்கிறேன்". ஐந்து வழிகளுக்குள் தேடிப் பாருங்கள், ஒரு வசனம்கூட இல்லை. அசைவு, காரணம், இருந்தும் இல்லாமலும் போகக்கூடியவை என்று அரிஸ்டாட்டிலிடம் கற்றவற்றோடு நடக்கிறது வாதம். வசனம் வாசலில் நிற்கிறது, வீட்டுக்குள் நியாயம் நடமாடுகிறது. ஆனால் 13ஆம் கேள்விக்கு வந்தால், "இருக்கிறவர்" என்பதே கடவுளுக்கு மிகப் பொருத்தமான பெயர் என்று அதே வசனத்தை நடுவீட்டில் வைக்கிறார்.

அந்த வசனத்துக்கும் முழு அதிகாரச் சோதனையைச் செய்யுங்கள். கிரேக்கமும் லத்தீனும் நிகழ்காலத்தில் சொல்வதை எபிரேய வினை இருப்பேன் என்றும் படிக்க இடம் கொடுக்கிறது. இரண்டு வசனம் முன்னால், 3:12இல், "நான் உன்னோடே இருப்பேன்" என்று மோசேக்குக் கிடைத்த வாக்கிலும் அதே எபிரேயச் சொல்தான். ஆகவே எபிரேயத்தில் படித்தால் துணை நிற்கிற கடவுள் முன்னால் வருகிறார். கிரேக்கத்திலும் லத்தீனிலும் படித்தால் இருப்பே வடிவான கடவுள் முன்னால் வருகிறார். இன்னும் மேலே, 3:6இல் ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன். 1654 நவம்பர் 23 இரவில் பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல் ஒரு தாளில் எழுதி, சாகும்வரை தன் சட்டையில் தைத்து வைத்திருந்தது இந்த ஆறாம் வசனத்தை: தத்துவவாதிகளின், அறிஞர்களின் தேவன் அல்ல என்ற சொற்களைச் சேர்த்து. அக்குவினாஸுக்குப் பதினாலாம் வசனம், பாஸ்கலுக்கு ஆறாம் வசனம். இடையில் எட்டே வசனம். கடவுள் மோசேயோடு பேசிய எரிகிற முட்செடி ஒன்றுதான்.

தத்துவம் படிப்பது விசுவாசத்துக்கு ஆபத்தா?

இந்தக் கேள்வி நம் வீடுகளில் நிச்சயம் வரும். கொலோசெயர் 2:8ஐக் காட்டுவார்கள்: லௌகிக ஞானத்தினாலும் மாயமான தந்திரத்தினாலும் ஒருவனும் உங்களைக் கொள்ளைகொண்டு போகாதபடிக்கு எச்சரிக்கையாயிருங்கள். அந்த லௌகிக ஞானம் என்பது கிரேக்கத்தில் ஃபிலோசோஃபியா. புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் வருகிற ஒரே இடம் இது. கார்த்தேஜின் பழைய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், ஏதென்ஸுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டது இந்த வசனத்தைப் பேசும் இடத்தில்தான்.

அவர்களோடு சண்டை போட வேண்டாம். அப்போஸ்தலர் 17ஐத் திறந்து சேர்ந்து படியுங்கள். ஏதென்ஸில் எப்பிக்கூரர், ஸ்தோயிக்கர் என்ற இரண்டு தத்துவப் பள்ளியினரும் பவுலோடு வாக்குவாதம் பண்ணுகிறார்கள். அவர் அவர்களிடம் "உங்கள் புலவர்களிலும் சிலர், நாம் அவருடைய சந்ததியார் என்று சொல்லியிருக்கிறார்கள்" என்கிறார். அது அராத்துஸ் என்ற கிரேக்கக் கவிஞரின் வரி. கொலோசெயர் நிருபத்தில் எச்சரித்த அதே பவுலை லூக்கா இப்படியும் காட்டுகிறார். தத்துவவாதிகளின் சொல்லை இறையியலில் பயன்படுத்தலாமா என்ற இடத்தில் அக்குவினாஸ் காட்டுகிற சான்றும் இந்த வசனமே. அதே இடத்தில் அளவையும் சொல்லிவிடுகிறார்: இறையியலுக்கு வேதத்தின் சாட்சி சொந்தமானது, கட்டாயமானது, தத்துவவாதிகளின் சாட்சி வெளியிலிருந்து வருவது, ஓரளவே பலமுள்ளது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வசனத்தை அதற்குரிய இடத்துக்கு வெளியே இழுக்காதீர்கள். ஆதியாகமத்துக்கு எழுதிய விரிவுரையில் அகுஸ்தீன் இதைக் கடுமையாகவே சொல்கிறார்: வானம், நட்சத்திரங்களின் ஓட்டம் பற்றி நன்கு அறிந்த அவிசுவாசி ஒருவரின் முன்னால் கிறிஸ்தவன் வேதத்தைக் காட்டித் தவறாகப் பேசினால், இந்தப் புத்தகம் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்வதை அவர் எப்படி நம்புவார்? அக்குவினாஸும் உலகத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தது என்பதை விசுவாசத்தால்தான் அறிகிறோம், நியாயத்தால் நிறுவ முடியாது என்று ஒப்புக்கொண்டார். பலமில்லாத நிரூபணத்தைக் கொண்டுவந்தால் விசுவாசத்தையே சிரிப்புக்கு ஆளாக்குவோம் என்பது அவர் கவலை. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இந்த நேர்மையைத்தான் முதலில் காட்ட விரும்புவேன்.

அடுத்த வாரத்துக்கு

இதுவரை வந்தவர்கள் அகுஸ்தீனின் அறிக்கைகள் நூலில் பதினோராம் புத்தகத்துக்குப் போகலாம். பலர் முதல் ஒன்பது புத்தகங்களில் அவருடைய வாழ்க்கைக் கதையைப் படித்துவிட்டு மூடிவிடுவார்கள். காலம் என்றால் என்ன என்ற அவருடைய பெரிய ஆராய்ச்சி இந்தப் பதினோராம் புத்தகத்தில் இருக்கிறது. அது தொடங்குவது ஆதியாகமம் 1:1இலிருந்து. "ஆதியிலே" என்றால் எப்போது? வானத்தையும் பூமியையும் படைக்கும் முன் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது? ஒரு வசனத்தின் முதல் சொல் எவ்வளவு தூரம் ஒரு மனிதனை யோசிக்க வைக்கும் என்பதை அங்கே பார்க்கலாம். வசனத்தை அடித்துப் பார்க்கும் சோதனையை இதில் செய்தால் அன்செல்மிடம் கிடைத்த விடை கிடைக்காது, செய்து பாருங்கள்.

தொடக்கத்திலேயே, மூன்றாம் அதிகாரத்தில், கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இதை எழுதிய மோசே இப்போது இல்லையே என்று அகுஸ்தீன் ஏங்குகிறார். இருந்தால் அவரைப் பிடித்து நிறுத்தி, உம் பெயரால் கெஞ்சுகிறேன், எனக்கு விளக்கும் என்று கேட்டிருப்பேன் என்று கடவுளிடம் சொல்கிறார். அவர் எபிரேயத்தில் பேசினால் காதில்தான் விழும், புத்திக்குப் போகாது. லத்தீனில் பேசினால் சொன்னது என்னவென்று தெரியும். ஆனால் அவர் சொன்னது உண்மை என்று எனக்கு எப்படித் தெரியும்? அதை உள்ளே, எண்ணம் குடியிருக்கிற இடத்தில், எபிரேயமும் இல்லாத கிரேக்கமும் இல்லாத லத்தீனும் இல்லாத சத்தியம், வாயும் நாக்கும் இல்லாமல் சொல்ல வேண்டும் என்கிறார். அந்தப் பக்கத்தில் மட்டும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு முறை படியுங்கள்.